மூல நட்சத்திரமும் ஒரு சார்ஜரும்

ஞாயிற்றுக்கிழமையானால் ஒரகடத்தில் அந்த மாடிப்படியில் கால் வைக்க இடமிருக்காது. மேலே கோயில் எதுவும் இல்லை. ‘நாதயோகி’ ராஜசேகரின் கடைதான் இருந்தது. பாட்டுப் பதிவு செய்கிறவர்களுக்கு மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒரு பெட்டி வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸ் என்பார்கள். ஊர் உலகமெல்லாம் அதைக் காதால் கேட்டு வாங்குகிறது. இங்கே ஜாதகம் பார்த்து வாங்கினார்கள். மேஷத்துக்குச் சிவப்புப் பெட்டி, மகரத்துக்குக் கறுப்புப் பெட்டி. பெட்டி செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கே இந்த விவரம் தெரியாது, பாவம்.

அதிசயமும் நடக்கும். வந்தவர் ஆசைப்பட்ட பெட்டியை மாட்டினால் ஸ்பீக்கரில் ‘ங்ங்ங்’ என்று இரைச்சல். யோகி கண்ணை மூடுவார். “அக்கினி தேவன் எழுந்தருளும்போது மின்சாரம் ஆகாது” என்று லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குவார். பிறகு ராசிப் பெட்டியை மாட்டிக் கற்பூரம் காட்டுவார். இரைச்சல் போயே போச்சு! வாரமெல்லாம் தொழிற்சாலையில் ரோபோக்களோடு வேலை செய்கிற பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அப்படிப் போட்டுக்கொண்டவர்களில் பேச்சிராஜும் ஒருவன். தென்காசிப் பக்கத்துப் பையன். பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறை எடுத்து அக்கா பூமாரியோடு இருந்தான். இருவருக்கும் தொழிற்சாலை வேலை. அவன் பாட்டு எழுதுவான், அவள் பாடுவாள். தன் துலாம் ராசிக்கான வெள்ளைப் பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றி அறைக்குக் கொண்டுவந்து, சார்ஜர், மைக் எல்லாம் மாட்டினான். அக்கா வாயைத் திறந்தாள். ‘ங்ங்ங்.’

பெட்டியோடு யோகியிடம் ஓடினான்.

“பாடியது யார்?”

“எங்க அக்கா, சாமி.”

“நட்சத்திரம்?”

“மூலம்.”

யோகி பெட்டியைத் தொட்ட கையை உதறினார். “மூலத்தாள் குரல் பெட்டிக்கு ஆகாது. வேறு பெண்ணைப் பாட வை. இல்லையேல் பரிகார ஹோமம்.”

ஹோமத்துக்கு வழியில்லை. தன் லைனில் வேலை பார்க்கும் சுபஸ்ரீயிடம் பாட வருமா என்று கேட்டுவைத்தான். அக்காவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. ஒருவழியாகச் சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். இந்த மூலத்தைச் சொல்லித்தான் பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் காப்பியைக் குடித்துவிட்டுக் கம்பி நீட்டினார்கள். அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

“மூலம் மாமனாருக்கு ஆகாதுன்னுதாம்ல சொல்லுவாவ. இந்தப் பெட்டிக்கு மாமனாரு யாருல?” சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. “சரி, ஒரே ஒரு தடவ பாடிட்டு விட்டுருதேன்.”

பாதிப் பாட்டில் கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் இருந்தால்தான் செய்தி. லேப்டாப்பும் அதில் மாட்டிய பெட்டியும் மட்டும் பேட்டரியில் ஓடின. பூமாரி நிறுத்தாமல் பாடி முடித்தாள். பேச்சிராஜ் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டான். முதல் பாதியில் ‘ங்ங்ங்’. இரண்டாம் பாதியில் அக்காவின் குரல் மட்டும், கழுவி வைத்தது போல.

“யக்கா, எரச்சல காணும்!”

“கரண்டு போனதும் என் நட்சத்திரம் மாறிட்டோ?”

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த ஞாயிறு அக்காவையும் அழைத்துக்கொண்டு மாடியேறினான்.

“சாமி, கற்பூரம் காட்டுங்க. சார்ஜர் மட்டும் மாட்டியே இருக்கட்டும்.”

“அக்கினி தேவன் கோபிப்பார், மகனே.”

“கோவிச்சா நான் பாத்துக்கிடுதேன்.”

கூட்டத்துக்கும் ஆசை வந்துவிட்டது. “காட்டுங்க சாமி!” என்று நாலு பக்கமும் குரல். யோகி கற்பூரம் ஏற்றினார். மந்திரம் உச்சத்துக்குப் போனது. ‘ங்ங்ங்’ அதற்குச் சுதி சேர்த்தது. பேச்சிராஜ் கற்பூரத்தை ஊதி அணைத்துவிட்டுச் சார்ஜரைப் பிடுங்கினான். இரைச்சல் நின்றது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று ஒவ்வொரு பெட்டியாக மாட்டினான். பூமாரி பாடினாள். எந்தப் பெட்டியும் அவளிடம் ஜாதகம் கேட்கவில்லை.

யோகியின் செந்தமிழ் கழன்று விழுந்தது. “இன்னா தம்பி, பொயப்புல மண்ண போட்டுகினு கீற?”

“எம் பாட்ட எங்க அக்காதான் பாடும்” என்றான் பேச்சிராஜ்.

பெட்டி வாங்கியவர்கள் யோகியைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் முண்டியடித்துப் பூமாரியிடம் வந்து, பயபக்தியோடு கேட்டார்:

“யம்மா, அந்தச் சார்ஜர எந்தத் திசைய பாத்து நின்னு புடுங்கணும்?”

“எந்தத் திசைன்னாலும் சரிண்ணே. கண்ணத் தொறந்துகிட்டுப் புடுங்குங்க, அது போதும்.”