மௌனத்தில் புகுந்த ட்ரம்பெட்

"பாப்பர பாப்பர பாய்ங்ங்!"

கம்ப்யூட்டரிலிருந்து ட்ரம்பெட் மறுபடியும் கத்தியது. அதுவும் சரியாக, மயான அமைதி நிலவ வேண்டிய இடத்தில்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். வாத்தியக் குழுவில் எல்லோருக்கும் அவர் தம்பிதான். அதை நடத்திவந்த அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

அண்ணன் கடைசியாக எழுதிய இசை அது. அவர் நினைவாகப் போன வருஷம் முதல் முறையாக வாசித்தபோது, உச்சத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றன. இரண்டு தாளக் கட்டம் முழுக்க வெறும் அமைதி. அரங்கமே விம்மியது. 'தன் மரணத்தை முன்பே எழுதிவைத்த மேதை' என்று பத்திரிகைகூடப் போட்டது. இன்று சாயங்காலம் மறுபடி நிகழ்ச்சி. அந்த இரண்டு கட்டத்தைக் கேட்கத்தான் அண்ணி வருகிறார்.

பழைய இசைத் தாள்களை ஆளுக்கொரு மூலையில் தொலைத்திருந்தார்கள். புதிதாக அச்சிடலாம் என்று உட்கார்ந்தபோது, இசை எழுதும் மென்பொருள் 'புதிய பதிப்பு தயார்' என்றது. தம்பியும் சரி என்று அமுக்கித் தொலைத்தார்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்" என்றாள் மனைவி.

"சங்கு இல்லடி, ட்ரம்பெட்!"

அந்த ஸ்வரங்களை அழித்தார். கூடவே இரண்டு கட்டங்களும் காணாமல் போய், அமைதிக்குப் பதில் முரசு டமாலென்று விழுந்தது. பழைய பதிப்பைத் தேடி ஏற்றினார். 'இதை என்னால் திறக்க முடியாது' என்று அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதியதையே திரும்ப ஏற்றினார். இப்போது வயலின்களெல்லாம் வாலை மிதித்த பூனை மாதிரி மேலே ஏறிக் கத்தின. நடுவில் ட்ரம்பெட் மட்டும் அப்படியே, ஜோராக: பாப்பர பாய்ங்!

ட்ரம்பெட்காரர் போன் செய்தார். "என்ன தம்பி, தாள் வருமா வராதா?"

"வரும்ணே. அந்த இடத்துல மட்டும் ஊதிடாதீங்க."

"தாள்ல இருந்தா ஊதுவேன். உங்க அண்ணன் பழக்கினது அப்படி."

"பேசாம அந்த இடத்துல வெள்ளை மை தடவிக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"இங்க ஒண்ண நுழைச்ச சனியன் வேற எங்க என்னத்த நுழைச்சிருக்கோ, யாருக்குத் தெரியும்? அண்ணன் எழுதினதுல ஒரு ஸ்வரம் மாறக்கூடாது. மாறினா அண்ணி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

கடைசியில் மென்பொருள் கம்பெனிக்கே போன் போட்டார். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போட்ட பாட்டிலும் ட்ரம்பெட். பல்லைக் கடித்துக்கொண்டார். ஒருவழியாக ஒரு பெண் எடுத்தாள்.

"ஏம்மா, நீங்கல்லாம் மனுஷங்கதானா? எங்க அண்ணனோட உயிரே அந்த அமைதியிலதான் இருக்கு. அதுல போய் ட்ரம்பெட்ட ஊத வச்சிருக்கீங்க!"

"கோபப்படாதீங்க சார். அந்த ஃபைலை அனுப்புங்க, பார்க்கிறேன்."

அனுப்பினார். எதிர்முனையில் 'பாப்பர பாய்ங்' கேட்டது. அப்புறம், சிரிப்பு.

"சிரிக்கிறீங்களா?"

"சாரி சார். இது... சிரிச்சுக்கிட்டே திட்டுவாரே, அவர் எழுதினதா? அவரோட தம்பியா நீங்க?"

"அவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மறக்க முடியுமா? பழைய பதிப்புல, ஒரே வரியில ரெண்டு அடுக்கா எழுதினா மேலடுக்கு மறைஞ்சுபோயிடும் சார். அதைக் கண்டுபிடிச்சதே அவர்தான். 'எல்லாரும் அழப்போற நேரம் பார்த்துச் சிரிக்க வைக்கத்தான் அந்த ட்ரம்பெட்டையே வச்சேன், அதைப் போய் முழுங்கிட்டீங்களே'ன்னு தினம் போன் பண்ணி எங்க உயிரை எடுத்தார். அப்புறம் என்னமோ, போனே காணோம். புதிய பதிப்புல ஒருவழியா சரி பண்ணியாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடுறீங்களா சார்?"