பன்னீர் செக்‌ஷன்

நெய்வேலியில் பூமியைத் தோண்டி நிலக்கரி எடுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒன்றுமே இல்லாத இடத்தைத் தோண்டி ஒரு திருவிழாவை வெளியே எடுக்கிறவள் ஒருத்திதான் இருந்தாள். அவளை நாங்கள் இன்சார்ஜ் என்று கூப்பிடுவோம்.

நிலக்கரி நிறுவனம் கட்டிய நகரியத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தோம். நாங்கள் நான்கு பேர். நான் பதினெட்டாவது பிளாக் குவார்ட்டர்ஸ், அப்பா அந்த நிறுவனத்தில் பர்மனென்ட். சுகந்தி குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவாள், வீட்டில் தறி. ஜெனிபரும் அந்தப் பக்கம்தான், அவள் அம்மா ஒரு மெஸ்ஸில் சமையல். நான்காவது ஆள் இன்சார்ஜ். நகரியத்தைத் தாண்டி ஒரு கிராமம். அவள் அப்பாவுக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துகிற கரியை வாரி மறுபடி பெல்ட்டில் போட வேண்டும். அவர் வாரி முடிப்பதற்குள் அடுத்தது சிந்தியிருக்கும்.

பட்டப்பெயர் வந்தது ஒரு ரோஸ்ட்டால். முதல் வருஷம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் நான்கு பேரும் போய் உட்கார்ந்தோம். அவள் ஒரே ஒரு மசால் ரோஸ்ட் சொன்னாள். சர்வர் அண்ணன் எங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ஏம்மா, நாலு பேருக்கு ஒரு தோசையா?"

"ஆமாண்ணே. நாலு ஷிப்டு."

ஷிப்ட் இன்சார்ஜ் மாதிரி அவளே பிரித்தாள். இடது நுனி ஃபர்ஸ்ட் ஷிப்ட், வலது நுனி செகண்ட் ஷிப்ட், கருகின ஓரம் நைட் ஷிப்ட். மசாலா இருக்கிற நடுப்பகுதி ஜெனரல் ஷிப்ட், எல்லாருக்கும் பொது. கருகின ஓரம் எப்போதும் அவளுக்கு. கேட்டால், "மொறுமொறுன்னு இருக்குதுடி, உங்களுக்குத் தின்னத் தெரியல" என்பாள். இரண்டு மாதத்தில் சர்வர் அண்ணனே நான்கு தட்டும் ஒரு வாளி சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் யாரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு நடுவில் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு ரோஸ்ட் சொல்லுங்கண்ணே, நான் குடுத்துடறேன்" என்றேன். இன்சார்ஜ் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"நீ குடுத்தா இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும் பானு. அடுத்த வாரம் நான் வர மாட்டேன். நாலு பேரும் வரணுமா, வேணாமா?"

"வரணும்."

"அப்ப யாருகிட்ட கம்மியா இருக்குதோ, அதுதான் நம்ம பட்ஜெட்டு."

அந்த வாரம் யாரிடம் கம்மி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. திங்கட்கிழமை ஒவ்வொருத்தியையும் தனியாகத் தண்ணீர்க் குழாயடிக்கு அழைத்துப் போய்க் கேட்பாள். பிறகு ரிசர்வ் வங்கி கவர்னர் மாதிரி வந்து ஒரு தொகையை அறிவிப்பாள். சில வாரம் அந்தத் தொகை பூஜ்யம். பூஜ்யத்திலும் அவளிடம் திட்டம் இருக்கும்.

புத்தகக் கண்காட்சி பூஜ்ய வாரத்தில்தான் வந்தது. பல ஸ்டால்களில் இருந்த ஒரு தடித்த மர்ம நாவலின் பக்கங்களை நான்கு பேருக்குப் பங்கு போட்டாள். ஆளுக்கொரு ஸ்டாலில் நின்றபடி அவரவர் பகுதியைப் படித்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் கூடி வரிசையாகச் சொல்ல வேண்டும். ஏற்பாடு கச்சிதம். ஆனால் கடைசிப் பகுதி ஜெனிபரிடம் போயிருந்தது. அவள் மூன்றாவது வரிசை ஸ்டாலிலிருந்து, "ஐயோ, டாக்டர்தான்டி கொன்னுட்டான்!" என்று அலறினாள். சுற்றி நின்ற பத்துப் பேர் கையிலிருந்த அதே நாவலைத் திருப்பி வைத்துவிட்டார்கள். கடைக்காரர் எங்களைத் தேடுவதற்குள் மெயின் கேட்டைத் தாண்டிவிட்டோம்.

ஜெனிபரின் பிறந்தநாளுக்குக் கேக் வேண்டும். பேக்கரிகளில் கேக்கைச் சதுரமாக வெட்டும்போது விழுகிற ஓரங்களைப் பையில் போட்டு மலிவாகத் தருவார்கள். இன்சார்ஜ் இரண்டு பை வாங்கி, ஜாம் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கோபுரம் கட்டினாள். கோபுரம் நடுவில் உள்வாங்கிக்கொண்டது. நான்கு பக்கமும் படிப்படியாக இறங்கும் ஒரு பள்ளம். எங்கள் முகம் விழுந்ததை அவள் பார்த்தாள். இரண்டு விநாடிதான்.

"மைன்ஸ் கேக்குடி இது! ஓப்பன் காஸ்ட். எந்தக் கடையில கெடைக்கும்?"

எங்கள் ஊர்த் திறந்தவெளிச் சுரங்கமும் அப்படித்தான் படிப்படியாக இறங்கும். பள்ளத்தின் அடியில் காபித்தூளைக் கொட்டி நிலக்கரி என்றாள். ஜெனிபர் ஸ்பூனால் தோண்டி முதல் வாய் எடுத்தபோது இன்சார்ஜ் சைரன் மாதிரி ஊதினாள். அடுத்த மாதம் வேறு வகுப்புப் பெண்கள் வந்து மைன்ஸ் கேக்குக்கு ஆர்டர் கேட்டார்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள். கூப்பிடாத கல்யாணத்தில் நுழைந்து சாப்பிடுவது. "வேல செஞ்சிட்டுச் சாப்புடலாம். சும்மா பூந்து சாப்புடக் கூடாது." ஆகவே மூன்றாம் வருஷம் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமாவுக்கு ரிட்டயர்மென்ட் வந்தபோது, மாமியிடம் பேசி வரவேற்பு காண்ட்ராக்ட்டை எடுத்துவிட்டாள். நான்கு பேர் வாசலில் நின்று பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் கொடுக்க வேண்டும். பதிலுக்கு நான்கு இலைச் சாப்பாடு, பாயசத்தோடு.

நகரியத்து ரிட்டயர்மென்ட் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது இரண்டாவது கல்யாணம். மாலை, பேனர், வெடி, திறந்த ஜீப்பில் ஊர்வலம், மோதிரம், பொன்னாடை, எல்லாம் உண்டு. அன்று பன்னீர்ச் செம்பு இன்சார்ஜ் கையில் இருந்தது. வந்தவர்களுக்குத் தலைக்கு ஒரு சொட்டு தெளித்தாள். ஒருவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு மழை வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தார். எல்லாரும் வந்து உட்கார்ந்தபோது செம்பில் முக்கால்வாசி மிச்சம். மாமி அசந்துபோனார்.

மேடையில் பேச ஆரம்பித்தார்கள். முப்பத்தைந்து வருஷம் உழைத்தவர், ஒரு நாள் தாமதமாக வராதவர் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். திடீரென்று பின்வரிசையில் ஒரு விம்மல். பார்த்தால் இன்சார்ஜ். செம்பைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறாள். மேடையில் பேசினவர் நிறுத்திவிட்டார். மாமிகூட அவ்வளவு அழவில்லை. மாமாவே மாலையோடு இறங்கி வந்துவிட்டார். அவர் திருநெல்வேலிப் பக்கம்.

"யாரும்மா நீ? அழாத. எந்த செக்‌ஷன்? யார் மக?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பன்னீர் செக்‌ஷனுங்க."

மண்டபமே சிரித்தது. மாமா சிரித்தார். அவளும் சிரித்தாள். பந்தியில் மட்டும் அவள் பாயசத்தைத் தொடவில்லை.

சாப்பிட்டு வெளியே வந்து, கொன்றை மரம் வரிசையாக நிற்கிற ரோட்டில் நடந்தோம். இன்சார்ஜ் அவளாகவே சொன்னாள்.

"எங்கப்பாவுக்குப் போன மாசம் வேல முடிஞ்சிச்சுடி. மேஸ்திரி கேட் பாஸ வாங்கிகினு, 'நாளைலேந்து வராத பெரியவரே, வயசாயிட்டுது'ன்னுட்டாராம். மத்தியானமே சோத்து டப்பாவத் தூக்கிகினு வூட்டுக்கு வந்துட்டாரு. டப்பால சோறு அப்படியே இருந்துச்சு. 'பசிக்கல'ன்னாரு. அவ்ளோதான். அதப்பத்தி இன்னி வரைக்கும் ஒரு வார்த்த பேசல."

சுகந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்சார்ஜேதான், "சரி வுடுங்கடி, சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்று முடித்துவைத்தாள்.

மறுநாள் அவள் இல்லாமல் நாங்கள் மூன்று பேரும் கூடினோம். அவள் அப்பாவுக்கு ஒரு ரிட்டயர்மென்ட் நடத்துவது என்று முடிவாயிற்று. அவள் அம்மாவுக்கு மட்டும் போன் செய்து சொன்னோம். என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும், "ஏட்டி, அப்பாகிட்ட கேட்டா ஒரு ஆயிரம் தர மாட்டாகளா?" என்றாள். வேண்டாம் என்றேன். அப்பா கொடுத்த பணம் என்று தெரிந்தால் இன்சார்ஜ் மேடையைப் பிரித்துவிடுவாள். யாரிடம் கம்மியோ அதுதான் பட்ஜெட். அந்த வாரம் ஜெனிபரிடம் கம்மி. அதோடு ஒரு சாமர்த்தியமும் செய்தோம். இன்சார்ஜிடமே போய் நான்காவது பங்கை வாங்கினோம். "உங்க ஊர்ப் பக்கம் ஒரு ரிட்டயர்மென்ட். வரவேற்புக்கு நாம நாலு பேரு. இந்தத் தடவை மாலைக்கு நாமளும் பங்கு போடணும்" என்றேன். வரவேற்பாளர்கள் மாலைக்குப் பங்கு போடுவது எந்த ஊர் வழக்கம் என்று முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் அவள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நல்ல தாவணியில் எங்களுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் இறங்கி அவள் தெருப் பக்கம் திரும்பினோம்.

"எங்கடி போறீங்க? அந்தப் பக்கம் எங்க வூடுதான் இருக்குது."

நாங்கள் நடந்துகொண்டே இருந்தோம். வீட்டு வாசலில் ஒரு பெஞ்சு. சுவரில் ஜெனிபர் சார்ட் பேப்பரில் எழுதி முன்பே அனுப்பிவைத்த பேனர், இன்சார்ஜ் கிளம்பிய பின் அவள் அம்மா ஒட்டியது. பெஞ்சில் அவள் அப்பா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். அவரோடு கரி வாரின ஆட்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் வந்திருந்தார்கள். இன்சார்ஜ் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

மாலை போட்டோம். சுகந்தி, அவள் அப்பா தறியில் நெய்த துண்டைப் பொன்னாடையாகப் போர்த்தினாள். டீ, மிக்சர், வாழைப்பழம். சிறப்பு விருந்தினர் எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாமா. "அன்னைக்கு எனக்காக அழுத புள்ள வீட்டு விசேஷம், வராம இருப்பனா?" என்று ஸ்கூட்டரில் வந்துவிட்டார்.

பேச எழுந்தவர், பெஞ்சைப் பார்த்துக் கேட்டார். "நீங்க எந்த பெல்ட்டுல இருந்தீய?"

அவள் அப்பா எழுந்து நின்று நம்பரைச் சொன்னார். மாமா இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"அது நான் ஓட்டுன பெல்ட்டுல்லா! நான் மேல கேபின்ல பட்டன அமுக்கிட்டு இருந்தேன். கீழ சிந்துனத இவரு வாரியிருக்காரு. இத்தன வருசம் ஒரே பெல்ட்டு. மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்கேன்."

பெஞ்சுக்குப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சைக்கிள்காரர்கள் விசில் அடித்தார்கள். அப்பாவும் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் எழுந்தார். துண்டைச் சரிசெய்தார். கூட்டத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"எல்லாரும் இருந்து சாப்புட்டுட்டுப் போங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிறகு மிக்சர் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொரி விடாமல் சாப்பிட்டார். இன்சார்ஜின் அம்மா அதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இருட்டுவதற்குள் சுகந்தியும் ஜெனிபரும் குறிஞ்சிப்பாடிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எனக்கு நகரியம் போகிற பஸ். இன்சார்ஜ் நிறுத்தம்வரை வந்தாள். வழியெல்லாம், பூக்காரரிடம் நான் பேரம் பேசாமல் வாங்கியிருக்கிறேன், டீயை அரை கிளாஸாகக் கொடுத்திருக்கலாம் என்று திட்டிக்கொண்டே வந்தாள். என் கையை மட்டும் விடவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னார்.

"கூட்டமா இருக்குதுடி. அடுத்ததுல போ" என்றாள்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் சீட்டு காலி. நானும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம், ரொம்பக் கூட்டம்" என்றேன்.