குடிக்கத் தகுந்த நீச்சல்குளம்

பொதுமக்கள் தண்ணீரில் மூழ்கிச் சாகக்கூடாது என்பதில் நீச்சல்குள நலவாரியம் மிகவும் கண்டிப்பாக இருந்தது. வேறு எப்படிச் செத்தாலும் அது வேறு இலாகாவின் பொறுப்பு.

1993இல் வாரியம் இராஜபாளையத்தில் ஒரு பொது நீச்சல்குளம் திறந்தது. அந்த வருஷம் டாக்டர்மாருக்கெல்லாம் நீச்சல்தான் பேஷன். முந்தின வருஷம் ஊறவைத்த வெந்தயம் எழுதிக்கொடுத்த அதே டாக்டர், அதே முட்டுவலிக்கு, நூர்னிசாவின் சீட்டில் ‘வாரம் ஒருமணி நேரம் நீந்தவும்’ என்று எழுதினார். தொழுகைக்கு மடங்காத முட்டு, மாடிப்படி ஏறாத முட்டு. நூர்னிசா விடுவாளா? பெண்களுக்குத் தனி நேரம் கேட்டு வாரியத்துக்கு ஏழு மனு போட்டாள். எட்டாவதுக்குப் பதில் வந்தது: செவ்வாய்தோறும் மூன்று முதல் நான்கு வரை மகளிர் நேரம்.

முதல் செவ்வாய், புதிதாகத் தைத்த முழுக்கை நைலான் உடுப்போடு போனாள். குளத்தில் முட்டளவுத் தண்ணீர்.

“என்னப்பா மாரிச்சாமி, மிச்சத் தண்ணி எங்க?”

மாரிச்சாமிதான் குளத்தின் உயிர்க்காப்பாளர். போன மாசம்வரை வாரியத்தின் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தவன்.

“எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. முங்குறவுகளை நான் நடந்துபோய்த் தூக்கணும்லா? அதான் வத்தவிட்டாக.”

“நீச்சல் தெரிஞ்ச ஆளைப் போட்டா என்ன?”

“ஆளை மாத்த விதி இல்லையாம். தண்ணியை மாத்தத்தான் இருக்காம்.”

சரி, உட்கார்ந்தாவது நீந்துவோம் என்று அடுத்த செவ்வாய் போனாள். குளம் காலி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த அதிகாரி தங்கச்சாமி, கரையில் நின்று விளக்கினார்.

“நீந்தப் பழகுகிறவர்கள் சராசரியாக நாலு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார்கள் அம்மா. ஆகவே குளத்து நீர் குடிநீர்த் தரத்தில் இருக்கவேண்டும். விதி பதினொன்று.”

“ஊருக்குள்ள குழாய்ல வருதே, அதுக்கு அந்த விதி உண்டா?”

“அதில் யாரும் நீந்துவதில்லையே.”

செண்பகத்தோப்புப் பக்கத்துக் கிணறு ஒன்றிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் வந்தது. சோதித்துப் பார்த்து, வாசலில் முத்திரையோடு போர்டு மாட்டினார்கள்: ‘இந்நீர் குடிக்கத் தகுந்தது.’ ஊரில் பத்து நாளைக்கு ஒருதரம் குழாய் இருமிக்கொண்டிருந்த காலம் அது.

மூன்றாவது செவ்வாய் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்வரை பிளாஸ்டிக் குடங்கள். முதல் குடம் அடுத்த வீட்டு ஆவுடையம்மாளுடையது.

“ஏட்டி நூர்னிசா, வரிசையில வா!”

“நான் நீந்த வந்திருக்கேன்.”

“குடிக்கிற தண்ணியிலயா? கூறு இருக்கா உனக்கு?”

நூர்னிசா நேரே அதிகாரியிடம் போனாள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“குடிநீரில் இறங்குவது குற்றம் அம்மா. விதி மூன்று.”

“அப்போ நான் எப்படி நீந்த?”

“நீந்துவதை வாரியம் தடைசெய்யவில்லை. தண்ணீரைத் தொடாமல் நீந்தலாம்.”

“மகளிர் நேரத்தை நான்ல எட்டு மனு போட்டு வாங்கினேன்!”

“அதற்குத்தான் மகளிர் வந்திருக்கிறார்களே” என்று அவர் வரிசையைக் காட்டினார்.

நூர்னிசா குளத்தைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். வீட்டில் சோறு வடிக்கத் தண்ணீர் இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் சீட்டை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து இடம்பிடித்துவிட்டு, குடம் எடுக்க ஓடினாள்.

வருஷக் கடைசியில், ஒருவர்கூட மூழ்காத குளம் என்று வாரியம் தனக்குத்தானே கேடயம் வழங்கிக்கொண்டது. வாராவாரம் ரெண்டு குடம் சுமந்ததில் நூர்னிசாவின் அடுத்த முட்டும் போயிற்று.

“ஒழுங்கா நீந்தறீங்களா?” என்றார் டாக்டர்.

“செவ்வாய் தவறாமக் குளத்துக்குப் போறேன் டாக்டர்.”

டாக்டருக்கு நம்பிக்கை பெருகி, தம் மனைவிக்கும் அதையே எழுதிக் கொடுத்தார். அடுத்த செவ்வாய் அந்தம்மா தோளில் துண்டும் கையில் சீட்டுமாக வந்து, குளத்துப் படியில் ஒரு காலை வைத்தார். வரிசையில் எண்பது பெண்கள். முதலில் எழும்பிய குரல் நூர்னிசாவுடையது.

“ஏம்மா, காலை எடுங்க! பிள்ளைக குடிக்கிற தண்ணி!”

டாக்டர் வீட்டம்மா பதறிக் காலை எடுத்தார். வரிசையின் கடைசிக்கு நடந்து, சீட்டைத் தரையில் வைத்துவிட்டு, கல் தேடினார்.