நாற்பது பவுண்டு லைம்

ஏப்ரல் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை, எடிசன் நகரத்தில் தன் வீட்டுப் புல்தரையில் நஞ்சுண்டன் குப்புறப் படுத்துக் கிடந்தார். யாரும் பதறவில்லை. அவர் மண்ணை முகர்ந்துகொண்டிருந்தார்.

"என்னங்க சொல்லுது மண்ணு?" காப்பியோடு வாசலுக்கு வந்த மனைவி கலாவதி கேட்டாள்.

"மூச்சு விடுது கலா. விவசாயி மூக்குக்குத்தான் அது தெரியும்."

"பக்கத்து வீட்டு நாய் தெனமும் அங்கதான் வந்து ஒதுங்குது. அதையும் மூக்கு சொல்லுச்சா?"

நஞ்சுண்டன் அவசரமாக எழுந்து உட்கார்ந்தார்.

அது 2006. பிப்ரவரியில் கொட்டிய பனி உருகி, புல்தரை பாதி சவரத்தில் நாவிதர் எழுந்து போன தலை மாதிரி கிடந்தது. அங்கங்கே பழுப்பாகப் புல். மற்ற இடமெல்லாம் கம்பளம் விரித்தாற்போல் பாசி. அந்தத் தரையில் ஆரோக்கியமாக இருந்தது அந்தப் பாசி ஒன்றுதான்.

நஞ்சுண்டன் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். வீட்டை வசந்த காலத்துக்குத் தயார் செய்ய நாற்பத்து மூன்று வேலைகள் கொண்ட எக்செல் ஷீட் ஒன்று தயாரித்திருந்தார். கூரை விளிம்பு கட்டரில் அடைத்த இலைகளை அள்ளுவது, ஜன்னல்களுக்கு வலைச்சட்டம் மாட்டுவது, பனி அள்ளும் ஸ்னோ ப்ளோயரை கராஜ் மூலைக்குத் தள்ளுவது என்று நாற்பத்திரண்டு வேலைகளுக்கு நேரே பொறுப்பாளர் கட்டம் இருந்தது. நாற்பத்திரண்டிலும் 'கலாவதி'. நாற்பத்து மூன்றாவது மட்டும் 'லான் - நஞ்சுண்டன்'. முதல் நாற்பத்திரண்டும் மார்ச் மாதமே முடிந்துவிட்டன.

லானை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் உண்டு. அவர் பரம்பரை விவசாயி. பதினாலு வருஷமாக நியூஜெர்சியில் எந்த விருந்துக்குப் போனாலும் சாம்பார் இலைக்கு வருவதற்குள் அவருடைய பரம்பரை வந்துவிடும். என்ன பயிர் என்று கேட்டால், "எல்லாமேதான்." எத்தனை ஏக்கர் என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க எண்ணுனதில்ல."

அந்த ஜனவரியில், எதிர்வீட்டு பாலசுப்ரமணியன் வீட்டுப் பொங்கல் விருந்தில்தான் வினை ஆரம்பித்தது. வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நஞ்சுண்டன் சுண்ணாம்பை நாக்கில் தொட்டுப் பார்த்து, "இது கல்லுச் சுண்ணாம்பு. கிளிஞ்சல்னா நாக்கு இப்படி வேகாது" என்று தீர்ப்புச் சொன்னார். அதையும் விவசாய ஞானத்தில் சேர்த்துக்கொண்டு எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சூட்டில், அசோசியேஷன் வருஷா வருஷம் கொடுக்கும் 'பெஸ்ட் யார்ட்' பலகையைப் பற்றிப் பேச்சு வந்தது. முந்தின வருஷம் அதை வாங்கியவர் பாலசுப்ரமணியன்.

"நான் ஒண்ணுமே பண்ணல சார். லான் சர்வீஸ்க்கு ஒரு போன் பண்ணேன், அவ்ளோதான்" என்றார் அவர்.

அந்த 'அவ்ளோதான்' நஞ்சுண்டனைச் சுட்டுவிட்டது. "மண்ணைத் தொடாம வாங்கறது ஒரு பிரைஸா? இந்த வருஷம் போர்டு என் லான்ல நிக்கும். நிக்கலைன்னா, நான் விவசாயக் குடும்பம்னு இனிமே வாயைத் தொறக்க மாட்டேன்!"

நாற்பது பேர் கை தட்டினார்கள். பலமாகத் தட்டியது கலாவதி.

பரிசைத் தீர்மானிக்கும் கமிட்டி வருவது ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. இன்னும் மூன்று வாரம்.

பக்கத்து வீட்டு ஃபிராங்க் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். தபால் இலாகாவில் ரிடையர் ஆனவர், நாயின் சொந்தக்காரர். பாசியைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், "லைம் போடு. நாற்பது பவுண்டு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அஃப் கோர்ஸ்" என்றார் நஞ்சுண்டன். பரம்பரை விவசாயி, தபால்காரரிடம் எதிர்க்கேள்வி கேட்பதாவது!

"லைம்னா எலுமிச்சம்பழமா?" என்றாள் கலாவதி. "அதை எதுக்குங்க புல்லுல போடறது?"

"சிட்ரிக் ஆசிட் கலா. பாசி அப்படியே பொசுங்கிடும். எங்க பக்கத்துல எல்லாம் இதுதான் வழக்கம்."

"உங்க பரம்பரையைப் பத்தி எனக்குத் தெரியாதா" என்றாள் கலாவதி. அவள் குரலில் ஏதோ இருந்தது. நஞ்சுண்டன் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

பத்து வயது மகள் வான்மதி கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஷல் ஐ கூகுள் இட், அப்பா?"

"விவசாயம் ரத்தத்துல இருக்கணும் கண்ணு. கூகுள்ல இல்ல."

ஐசலின் ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் நாற்பது பவுண்டு எலுமிச்சம்பழம் தராசில் ஏறியது. கல்லாப் பெண்மணி, கல்யாணமா கோயில் விசேஷமா என்று கேட்டாள். "லான்" என்றார் நஞ்சுண்டன். அவள் பில்லை மட்டும் நீட்டினாள்.

ஏறக்குறைய முந்நூறு பழம். நூற்றி இருபதாவது பழத்தில் ஜூஸர் உயிரை விட்டது. மீதியைக் கையால் பிழிந்தார். விரலிடுக்கெல்லாம் எரிய, தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தெளித்தார். தெருவே லெமன் சாதம் மாதிரி மணத்தது.

இரண்டு வாரத்தில் பலன் தெரிந்தது. இருந்த கொஞ்சம் புல்லும் மஞ்சளாயிற்று. பாசி மட்டும் பால் குடித்த குழந்தை மாதிரி பளபளத்தது.

ஃபிராங்க் மறுபடி தலையை நீட்டினார். "லைம் போட்டாயா?"

"நாற்பது பவுண்டு!"

"அப்படியும் இப்படியா? மண் பயங்கரமாகப் புளித்துப் போயிருக்கிறது. இன்னொரு நாற்பது போடு. ஒரே இடத்தில் கொட்டாதே, சமமாகப் பரப்பு."

தெளித்ததுதான் தப்பு, பரப்பியிருக்க வேண்டும் என்று நஞ்சுண்டனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"புளிச்ச மண்ணுக்கு இன்னும் புளிப்பா?" என்றாள் கலாவதி.

"ஹோமியோபதி அப்படித்தான்."

இரண்டாவது நாற்பது பவுண்டை அவர் பிழியவில்லை. ஒவ்வொரு பழத்தையும் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி, டேப் வைத்து அளந்து வரிசையாகப் பரப்பினார். மறுநாள் காலையில் முதல் இரண்டு வரிசையைக் காணோம். அணில்கள். ஆபீசில் கூட வேலை செய்பவன் அணிலுக்கு மிளகாய்ப்பொடி நல்லது என்றான். சாயங்காலமே ஊரிலிருந்து வந்த மிளகாய்ப்பொடி அத்தனை மூடிகளிலும் தடவப்பட்டது.

ஆக, வெள்ளிக்கிழமை விடிந்தபோது, எதிர்வீட்டைப் பார்த்த புல்தரையில் ஏறத்தாழ அறுநூறு எலுமிச்சை மூடிகள், செக்கச்செவேலென்று தடவி, வரிசை பிசகாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நியூஜெர்சி அணில்கள் காரத்துக்கு அசருகிறவை அல்ல. ஒன்று ஒரு மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி, பாலசுப்ரமணியன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ருசி பார்த்து, பிடிக்காமல் அங்கேயே வைத்துவிட்டுப் போனது.

எட்டு மணிக்கு பாலசுப்ரமணியன் வந்தார். சிரிக்கவில்லை.

"நஞ்சுண்டன் சார், ஓப்பனா கேக்கறேன். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது. நான் எம்.எஸ். படிச்சவன். ஆனா என் வொய்ஃப் சாரதாவுக்குக் காலையிலேர்ந்து தலைவலி."

"டைலனால் குடுங்க சார்."

"வாசப்படியில எலுமிச்சம்பழம் சார்! பாதியா வெட்டி, செவப்பா தடவி! ஒரு போர்டுக்காக இப்படியெல்லாம் வைப்பாங்களா?"

"ஐயோ, அது குங்குமம் இல்ல சார், மொளகாப்பொடி!"

பாலசுப்ரமணியன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "அப்ப அது இன்னும் ஸ்ட்ராங்கா?"

அவருக்குப் பின்னால், குரங்குக் குல்லாய், வேட்டி, அதற்குக் கீழே பளீரென்ற வெள்ளை ஸ்னீக்கர் சகிதம் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பாலசுப்ரமணியனின் மாமனார் திருமூர்த்தி; ஊரிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. அவர் எலுமிச்சம்பழங்களைப் பார்க்கவில்லை. நஞ்சுண்டனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, உங்களை எங்கியோ பாத்தாப்புல இருக்குதுங்களே. எந்த ஊருங்க?"

"கோயமுத்தூர்ப் பக்கம்ங்க" என்றார் நஞ்சுண்டன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்." பால் வைக்கும் வழக்கமே இல்லாத மனிதர் வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் செய்தி பிரின்ஸ்டன் வரைக்கும் போய்விட்டது. கலாவதியின் போன் ஓயவில்லை. கடைசியாக ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அவள் கேட்டாள்: "என்னங்க, பார்சிப்பனியிலேர்ந்து ஒரு அம்மா. மகனுக்குக் கிரீன் கார்டு மூணு வருஷமா நிக்குதாம். நம்மகிட்ட அதுக்கு ஏதாவது உண்டான்னு கேக்கறாங்க."

"எல்லாத்தையும் இப்பவே பொறுக்கிடறேன்" என்று நஞ்சுண்டன் பையோடு கிளம்பினார்.

பாதி வழியில் நின்றார். இப்போது பொறுக்கினால் என்ன அர்த்தம்? வைத்தவன் பயந்துபோய் எடுத்துவிட்டான் என்று அர்த்தம். எடுக்காவிட்டால்? எடுக்காமலே நிற்கிறான், எவ்வளவு பெரிய கை என்று அர்த்தம். யோசித்து யோசித்து, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மறுநாள் கமிட்டி.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டித் தலைவி வந்தார். எழுபது வயது வெள்ளைக்கார அம்மாள். கையில் அட்டை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. முதலில் எதிர்வீடு. அங்கே கராஜ் கதவின் மேல், கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் வரைந்த பூசணிக்காய் ஒன்று பச்சைமிளகாய் மாலையோடு தொங்கியது. சாரதாவின் எதிர்நடவடிக்கை. அம்மாள் அண்ணாந்து பார்த்தார். ஹாலோவீன் அக்டோபரில்தானே என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டு, அட்டையில் எதையோ அடித்தார்.

நஞ்சுண்டனின் மார்பு விம்மியது. எதிரி விழுந்துவிட்டான்!

அம்மாள் தெருவைத் தாண்டி வந்தார். கூடவே தெருவும் வந்தது. ஃபிராங்க், அவர் நாய், பாலசுப்ரமணியன் தம்பதி, வெள்ளை ஸ்னீக்கரில் திருமூர்த்தி. கலாவதி வாசற்படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அம்மாள் அறுநூறு மூடிகளையும் மெதுவாகப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

"லைம்!" என்றார் நஞ்சுண்டன், ஆங்கிலத்தில், கம்பீரமாக. "மொத்தம் எண்பது பவுண்டு. எங்கள் குடும்பத்தின் பாரம்பரிய முறை. ஃபிராங்க்குக்கும் தெரியும்."

ஃபிராங்க்கின் வாய் திறந்தது. தன் கராஜுக்குள் போனவர், கனத்த காகிதப் பை ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, நஞ்சுண்டனின் காலடியில் பொத்தென்று போட்டார். பையின் மேல் கொட்டை எழுத்தில் 'லைம்' என்று அச்சடித்திருந்தது. கீழே 'நாற்பது பவுண்டு'.

"ஓ மை காட்" என்றாள் வான்மதி. "இட்ஸ் தி அதர் லைம்! சுண்ணாம்பு!"

போட்ட வேகத்தில் பையின் வாய் பிளந்தது. வசந்த காலத்துக் காற்றும் சரியாக அந்த நேரம் பார்த்து வீசியது. வெள்ளைப் பொடி புகையாக எழுந்து, நஞ்சுண்டனின் தலை, புருவம், மீசை, சட்டை எல்லாவற்றிலும் படிந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறிய கணமே அவருக்கு அது என்னவென்று தெரிந்துபோயிற்று. முகம் செத்துவிட்டது.

கூட்டம் சிரித்தது. பாலசுப்ரமணியன் மட்டும் முதல் தடவையாக மூச்சு விட்டு, "அப்ப இது நெஜமாவே லானுக்குத்தானா சார்? பொங்கலன்னிக்கு ஏதோ சொன்னீங்களே" என்று கேட்டார்.

நஞ்சுண்டன் கையிலிருந்த கடைசித் துருப்பை இறக்கினார். மீசையிலிருந்து பொடி உதிர உதிர, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "இதெல்லாம் கெமிக்கல் சார். மண்ணை நம்பறவன் பக்கத்துல வரமாட்டான். எங்க குடும்பத்துல தலைமுறை தலைமுறையா இந்தப் பொடியைக் கையால தொட்டவங்க கெடையாது!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருமூர்த்தி முன்னால் வந்தார். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். பிறகு தலையிலிருந்து கால் வரை வெளுத்து நின்ற நஞ்சுண்டனை ஏற இறங்கப் பார்த்தார். நேற்றிலிருந்து தேடியது கிடைத்த சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, இந்தக் கோலத்துல பாத்தாத்தானுங்க அடையாளம் தெரியுது! தாராபுரம் சுண்ணாம்பு மண்டி கந்தசாமி மகன்தானுங்களே நீங்க? தை பொறக்கறதுக்கு முன்னால வெள்ளையடிக்க வருசா வருசம் எங்களுக்கு மூட்டை மூட்டையா எடை போட்டுக் குடுத்தது உங்க கைதானுங்களே தம்பி!"