பாசி தின்ன வந்த விருந்தாளிகள்

மலைச்சரிவில் பெர்சிமன் பழம் சிவக்கத் தொடங்கிவிட்டது, காலையில் குழாய்த் தண்ணீர் கையைக் கடிக்கிறது, சப்போரோவில் இதற்குள் இரண்டு போர்வை ஏறியிருக்கும் என்று எண்ணியபடி, ஹிசானோ அக்காவுக்குத் தம்பி தோகுஜி தலை தாழ்த்தி எழுதுவது.

இங்கே நானும் மினெயும் சுகம். அங்கே அத்தானும், பிள்ளை பெற்ற மகளும், பச்சைக் குழந்தையும் சுகமா? குழந்தைக்கு அத்தானின் காது என்று எழுதியிருந்தாய். காதோடு நின்றால் நல்லது. அத்தானின் மூக்கு இருக்கிறதே... வேண்டாம், நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவின் நினைவுநாள் பூஜையில் அத்தான் குறட்டை விட்டார் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னதற்கு நீ ஏழு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்த ஏழு வருஷத்துக்குப் பிறகு, உன் கொழுந்தனார் ஷோசாகுவின் வீட்டில் அத்தனை மீன்குளம் இருந்தும் அங்கே விடாமல், மகள் பிரசவத்துக்குப் புறப்படும் முன் மலையேறி வந்து உன் தங்கமீன் அசுகியைத் தொட்டியோடு என் கையில் கொடுத்தாயே, அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே நீ சொன்னதும் மறக்கவில்லை. “ஒரு செதில் குறைஞ்சாலும் உன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்டா.”

அசுகி சுகம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நீ எழுதிவைத்த பதினொரு கட்டளைகளையும் வேதம் மாதிரி நடத்திவந்தோம். தீனி இரண்டு சிட்டிகை, தண்ணீர் மாற்றுவது மூன்றில் ஒரு பங்கு, எல்லாம் சரி. ஆனால் தொட்டியில் ஏற்கெனவே மூன்று பக்கமும் பாசி, நீ போன மாசத்திலேயே நாலாவது பக்கமும் பச்சையாகிவிட்டது. ஒருநாள் ஊர்ச் சங்கத் தலைவி இனோகுமா அம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “தோகுஜி அண்ணா, உள்ள மீன் இருக்கா, இல்ல தேயிலைத் தோட்டம் போட்டிருக்கீங்களா?” என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. அக்கா நம்பிக் கொடுத்த மீனை அழுக்கில் போட்டு வைத்திருக்கிறான் என்று ஊர் பேசாதா? அந்தச் சமயம் பார்த்து வீடு வீடாகச் சுற்றும் சங்கத்து அறிவிப்பு அட்டை என் கைக்கு வந்தது. சாக்கடை சுத்தம் செய்யும் நாள் என்று போட்டிருந்ததற்குக் கீழே, “குளிர்ந்த தண்ணீரில் தங்கமீனோடு சண்டை போடாமல் இருந்து பாசி தின்னும் ஜீவன் எதுவானாலும் யோசனை சொல்லவும்” என்று எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்பினேன்.

யோசனையா வந்தது? ஜீவன்களே வந்தன.

முதலில் இனோகுமா அம்மாள் ஒன்பது இறால் கொண்டுவந்தாள். “நம்ம யமாதோ இறால், நம்ம நாட்டுப் பேரே அதுக்கு. பாசிய வழிச்சுத் தின்னும்.” காலையில் விட்டேன். சாயங்காலம் பார்த்தால் அசுகியின் வாயோரத்தில் மீசை மாதிரி ஏதோ ஆடுகிறது. எண்ணிப் பார்க்க ஒரு இறால்கூட இல்லை. உன் மீனுக்கு அன்றைக்கு ஏப்பம் வந்தது என்று மினெ சத்தியம் பண்ணுகிறாள். ஆனால் வாங்கினால் திருப்பிச் செய்யாமல் முடியுமா? ஒரு கூடை பெர்சிமன் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடை பெரிதாகிவிட்டதாம், அதற்குக் கடன்படக் கூடாதென்று மறுநாளே அவள் பன்னிரண்டு நத்தை கொண்டுவந்தாள். நான் இன்னொரு கூடை. இறால் தீர்ந்ததை எப்படிச் சொல்வது? “ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சும்மா, எங்க அசுகிக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு” என்றேன். பொய்யில்லையே அக்கா?

நத்தை நல்ல உழைப்பாளி, ஆனால் ஒரே ஒரு குறை, மல்லாந்து விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. கண்ணாடியில் ஏறும், பொத்தென்று விழும், வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். சாப்பிடும் குச்சியை எடுத்துக்கொண்டு நான் பகலெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டேன். மினெ பின்னால் நின்று பார்த்தாள்.

“நாப்பத்தி நாலு வருஷமா உங்களோட குப்பை கொட்டுறேன். போன தை மாசம் நான் பனியில வழுக்கி விழுந்தப்போ ஒரு கை குடுத்தீங்களா?”

“நீயா எந்திரிச்சுக்கிட்டியே, புள்ள.”

“நத்தையாப் பொறந்திருக்கணும் நான்!”

அன்று ராச்சாப்பாட்டில் எனக்கு ஊறுகாய் வைக்கவில்லை.

பக்கத்து வயல் கோன்ரோகு சும்மா இருப்பானா? தன் வயல் வாய்க்காலில் பிடித்த அயிரை மீன் நாலைந்தை வாளியோடு கொண்டுவந்தான். “இதுங்க பாசி திங்குமாடா?” என்றேன். “திங்காதுண்ணே. ஆனா திங்கிற மாதிரியே மூஞ்சிய வச்சுக்கும், பாக்கிறவங்களுக்குத் திருப்தியா இருக்கும்” என்றான். மழை வரும் முன்னால் அவை மேலும் கீழும் துள்ளும், அதைப் பார்த்துத் துணி காயப்போடலாமா என்று தெருப் பெண்களெல்லாம் காலையிலேயே வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர், தேநீர் குடித்தவர்கள் எல்லாரும் மறுநாள் ஏதாவது கொண்டுவந்தார்கள், நான் பழக்கூடை தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டது. புயலுக்கு முந்தின நாள் ஒரு அயிரை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே குதித்து அடுப்பங்கரை வரை நெளிந்துபோய்விட்டது. நான் போவதற்குள் மினெ அதைக் கழுவி, பக்கத்தில் மிசோ சூப்பை வைத்துக்கொண்டு, “தானா நடந்து வந்திருக்கு, வேண்டாம்னு சொன்னா மரியாதையா?” என்கிறாள்.

கடைசியாகக் கோன்ரோகு, அயிரை விஷயத்தில் எனக்கு மனக்குறை என்று நினைத்து, டவுன் கடையிலிருந்து ஒரு கறுப்பு உறிஞ்சுவாய் மீன் வாங்கிவந்தான். சூடான தேசத்து மீனாம். நம் குளிர்ந்த தண்ணீரில் விறைத்துப்போய் இரண்டு நாள் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் விடியலில் பார்க்கிறேன், கண்ணாடியில் இல்லை, உன் அசுகியின் விலாவில் அட்டை மாதிரி ஒட்டி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது! அசுகி தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அதுவும் கூடவே சவாரி போகிறது. சட்டையோடு தோள் வரை கையைவிட்டுப் பிய்த்தெடுத்தேன். அக்கா, மறைக்க மாட்டேன். ஒரு செதில் மிதந்தது. ஒன்றுதான். அதை எடுத்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்து மணியடித்து மன்னிப்புக் கேட்டேன். அந்த இடத்தில் இப்போது புதுச்செதில் முளைக்கிறது, பழசைவிட நன்றாகவே மின்னுகிறது. குறைந்த செதில் திரும்பி வந்துவிட்டால் கணக்குச் சரிதானே?

அன்றைக்கே மிச்சமிருந்த ஜீவன்களையெல்லாம் அவரவர் வீட்டுக்குப் பழத்தோடு திருப்பி அனுப்பினேன். பிறகு பஞ்சை எடுத்து நானே நாலு பக்கமும், மூலை முடுக்கும், கூழாங்கல் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டேன். தங்கமீனுக்கு ஏற்ற துணை நம் கைதான் அக்கா, வேறெதுவும் இல்லை. ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. மாசக்கடைசியில் தாமதிக்காமல் வந்து உன் கண்ணால் பார்.

குழந்தைக்கு நூறு வயசு. அத்தானுக்கு நல்ல தூக்கம் (நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்). உனக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தம்பி தோகுஜி

பி.கு: நாலு நாள் முன்பு இந்தக் கடிதத்தை ஒட்டப்போகும்போது உன் கொழுந்தனார் பழம் வாங்கிப்போக வந்தார். தொட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார், இழவு வீட்டில் கழற்றுவது மாதிரி.

“மச்சான்... பாசி எங்க?”

“சுத்தமா எடுத்துட்டேன்ல!”

“எல்லாத்தையுமா? அய்யோ, அது அழுக்கில்ல மச்சான், அண்ணி மூணு வருஷமா வளத்தது! அதக் கடிச்சுக் கடிச்சுத்தான் அசுகிக்கு அந்தச் செவப்பே. முன்கண்ணாடிய மட்டும் துடைச்சிட்டு மத்த மூணு பக்கமும் விட்டுரணும். தங்கமீன் வளக்குற எங்க கோரியாமாவுல சின்னக் கொழந்தைக்கும் தெரியுமே!”

“பதினொரு கட்டளையில அது இல்லையே!”

“சோத்த வாயிலதான் வைக்கணும்னு யாராச்சும் எழுதி வைப்பாங்களா?”

அதன்பிறகு உற்றுப் பார்த்தேன். அசுகி கொஞ்சம்... வெளுத்த ரோஜா நிறம். ஆகையால் அக்கா, மேலே எழுதியதில் ‘தாமதிக்காமல்’ என்ற வார்த்தையை அடித்துவிடு. குழந்தைக்கு முதல் பல் முளைக்கும்வரை நீ அங்கேயே இருப்பதுதான் முறை. நடக்கும்வரை இருந்தால் இன்னும் சிறப்பு. தொட்டியை ஜன்னல் வெயிலுக்கு நகர்த்தி வைத்து இன்றோடு நாலு நாள். காலையில் ஒரு மூலையில் நகக்கண் அளவு பச்சை தெரிந்தது. நானும் மினெயும் கைகூப்பிக் கும்பிட்டோம்.