வரவேற்புத் திரையில் மினுங்கிய நெஞ்சுக்கூடு

உத்திரமேரூர்

மதிப்பிற்குரிய வாலாஜாபாத் சம்பந்தி அவர்களுக்கு, காஜா மொய்தீன் சலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். முக்கியமாக என் மகள் அஃப்ரின் மிக மிகச் சுகம். அவளுக்கு நெஞ்சில் கட்டி என்று கேள்விப்பட்டு நிக்காஹ்வைத் தள்ளிப்போட நீங்கள் யோசிப்பதாகத் தெரிந்தது. கட்டி கிட்டி எதுவும் கிடையாது. நடந்ததைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள்.

டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக அஃப்ரின் கம்ப்யூட்டரில் படம் செய்கிறாள் அல்லவா? எக்ஸ்ரே முதலில் சும்மா நிற்கும். கொஞ்சம் கழித்து, கோளாறு இருக்கிற இடம் மட்டும் சிவப்பாக மினுங்கும், அம்புக்குறி வந்து ஆடி ஆடிக் காட்டும். கல்யாண வீடுகளில் சீரியல் செட் விளக்கு கட்டியே தலை நரைத்த எனக்கு ஒரே பெருமை. ஓரத்தில் ஒரு கிளியையும் பறக்கவிடம்மா என்றேன். "கிளி பறந்தா பசங்க கிளியத்தான் பாப்பாங்க அத்தா, கட்டிய யாரு பாக்கறது?" என்று மறுத்துவிட்டாள்.

போன வாரம் திருப்புலிவனத்தில் சின்னராசு மகள் கீதாவின் கல்யாண வரவேற்பு. லைட்டும் மைக்கும் பெரிய திரையும் நம்முடையது. மணமக்கள் படம் இருந்த பென் டிரைவ் என்று நினைத்து அஃப்ரினுடையதைச் சொருகிவிட்டேன். பந்தியில் ரசம் ஊற்றுகிற நேரம், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு நெஞ்சுக்கூடு! உள்ளே சிவப்பு மினுங்குகிறது, அம்பு ஆடுகிறது, கீழே 'அஃப்ரின்' என்று பெயர். சின்னராசு ஓடி வந்து, "இன்னா பாய் இது, எம் பொண்ணு மூஞ்சி எங்க?" என்கிறார். எனக்கு எங்கே காதில் விழுந்தது? எங்கள் தொழிலில் படத்துக்குக் கீழே யார் பெயரோ, படம் அவருடையது. என் பிள்ளை நோயை என்னிடம் மறைத்துவிட்டாளே என்று உடைந்துபோய், கையில் மைக் இருப்பதையும் மறந்து, "ஐயோ, எம் பொண்ணுக்கு நெஞ்சுல கட்டி கீதே!" என்று கதறிவிட்டேன். மேளம் நின்றுவிட்டது. பந்தியில் உங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சேதி எனக்கு முன்னால் வாலாஜாபாத் போய்விட்டது.

போன் போட்டால் அஃப்ரின் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அத்தா, அது யாரோ ஒருத்தர் நெஞ்சு. படம் பண்ணது நானு, அதான் எம் பேரு!" ஜெனரேட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன் சம்பந்தி. அதற்குள் சின்னராசு சம்சாரம் முனியம்மாள் வந்து, "அந்த மினுக்கறத இன்னொரு தபா போடு பாய், ஷோக்கா கீது" என்றாள். பந்தி முடியும்வரை அதுதான் ஓடியது. மணமக்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஆகையால் மனதைக் குழப்பிக்கொள்ளாமல், குறித்த தேதியில் நிக்காஹ்வை நடத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் சலாம், மாப்பிள்ளை ஜாசிமுக்கு என் துஆ.

இப்படிக்கு,
காஜா மொய்தீன்

பி.கு.: உங்கள் ஊராரின் சந்தேகமும் தீரட்டும் என்று, உங்கள் கடைத்தெரு முனையில் என் ஆட்களை விட்டுப் பெரிய திரை கட்டி நேற்று முதல் எல்லாப் படங்களையும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மூளை, கல்லீரல், கிட்னி எல்லாம் ஜம்மென்று மினுங்குகின்றன. அஃப்ரின் பெயர் இருந்ததால்தானே இத்தனை வம்பு? அதை எடுத்துவிட்டு, ஒன்றுவிடாமல் மாப்பிள்ளை ஜாசிம் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். கிளியும் பறக்கிறது.