விண்டோஸ் ஏறாத கடை

பிடிவாதத்துக்குப் பரிசு என்று ஒன்று இருந்தால், குமரி மாவட்டத்தில் முதல் மூன்று பரிசையும் பென்குயின் அண்ணனே வாங்கியிருப்பார். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் புதுக்கடை ஜங்ஷனில் நெட் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஆறிலும் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். வாசலில் லினக்ஸின் சின்னமான பென்குயின் படம். அதனால் வந்த பெயர்.

விண்டோஸில் ஓடுகிற எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதுக்குப் பதிலா இங்க வேற ஒண்ணு உண்டு மக்கா." ஒருமுறை மாதா கோயில் உபதேசியார் திருவிழா நோட்டீஸைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். அதன் தமிழ் ஃபான்ட் இங்கே இல்லாததால் எழுத்தெல்லாம் கோழி கிளறியதுபோல் கிடந்தது.

"ஃபாதர் பேரு எங்கவே?"

"ஒம்ம ஃபைலு சரியில்ல!"

உபதேசியார் எதிரே சேவியரின் விண்டோஸ் கடைக்குப் போய்விட்டார். அந்தப் படியை மிதிக்கவே மாட்டேன் என்று அண்ணன் ஊரறியச் சபதம் போட்டார். அதைத் தாண்டி இருந்த டீக்கடைக்குக்கூட பஸ் ஸ்டாண்டைச் சுற்றித்தான் போவார்.

ஒருநாள் அரசு வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கப் போனேன். அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு வெப்சைட்டை மூடிவிடுவார்கள். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. சேவியர் கடையில் வாசல்வரை கூட்டம். அண்ணன் கடையில் ஈ இல்லை. இங்கேயே உட்கார்ந்தேன். எல்லாம் நிரப்பி முடித்து போட்டோ ஏற்றும்போது, இது விண்டோஸில் மட்டுமே இயங்கும் என்றது திரை.

விண்டோஸ் சமாச்சாரத்தை லினக்ஸில் ஓட்ட அண்ணன் என்னென்னவோ வித்தை செய்தார். திரை வெள்ளையாகவே நின்றது. மணி நாலு இருபது.

"அண்ணே, நான் எதிர்க் கடைக்குப் போட்டுமா?"

"பதறாம இரி. வெப்ராளப்படாத. இப்ப வரும்."

நாலரை. வரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். என் சர்டிபிகேட் ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். பின்னாலேயே ஓடினேன்.

"என்ன பென்குயினே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார் சேவியர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மனுசர் கோபித்துத் திரும்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

"தோத்துட்டேன்வே. எனக்க கடயவிட ஒம்ம கடதான் கொள்ளாம். எவ்வளவு வேணும்னாலும் சிரியும். அஞ்சு மணிக்குள்ள இந்தப் பிள்ளைக்கு ஒரு சிஸ்டம் தாரும்."

சேவியர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் நாற்காலியிலிருந்தே எழுந்தார். அண்ணன் உட்கார்ந்து தட்டினார். நாலு ஐம்பத்தாறுக்கு விண்ணப்ப எண் வந்தது. பிறகு வேலையும் வந்தது.

விண்ணப்பம் போட்ட மறுநாளே அண்ணன், "குத்தம் லினக்ஸ்மேல இல்ல மக்கா, அந்த வெப்சைட்டுமேலதான்" என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஆமாண்ணே" என்றேன். அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.